ஒற்றைக் காலில் முப்பது வினாடி

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதும், அத்தையின் கைகளைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி கிடைத்தது என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது. காலுக்குக் கீழே நீல நிற ஸ்பாஞ்ச் மெத்தை. இடது காலை மடக்கித் தூக்கியாயிற்று. வலது கால் மட்டும் அந்த மெத்தைக்குள் அமுங்கி நிற்க, கணுக்காலுக்குள் இதுவரை இருப்பதே தெரியாத சின்னச் சின்ன நரம்பெல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. பக்கத்தில் பிசியோதெரபிப் பெண் நஸ்ரின் வாய்விட்டு எண்ணினாள். முப்பது வினாடி நிற்க வேண்டும், முடியாவிட்டால் காலை ஊன்றிவிடலாம், நான் பிடித்துக்கொள்வேன், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். நஸ்ரின் மேல்படிப்பு படிக்கிறவள். முதுகுவலிக்காரர்கள் இடுப்பை எப்படி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் அவர்களுடைய பேலன்ஸ் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறாளாம். ஜெசிந்தா அவளுக்குப் பதினேழாவது ஆள். எட்டு மாதமாக, பிரசவம் ஆனதிலிருந்து, கீழ் முதுகில் ஆணி அடித்து வைத்த மாதிரி வலி. டாக்டர் இங்கே அனுப்பினார். வந்த இடத்தில் இது. மூன்று, நான்கு. கொலுசுச் சத்தம் தாழ்வாக, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. தள்ளுவண்டிக்குள் ஜோவி காலை உதைத்துக்கொள்கிறாள். பசியா, ஈரமா, வெறும் விளையாட்டா? அந்த வண்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் அத்தை, புருஷனின் அம்மா, உட்கார்ந்திருப்பாள், இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. குழந்தை சிணுங்கினால் வண்டியின் கைப்பிடியை ஆட்டுவாள். குழந்தையைத் தொடமாட்டாள். இருபத்து நான்கு நாளாகத் தொடவில்லை. ஐந்து. மெத்தை நழுவுகிற மாதிரி இருந்தது, இல்லை, நழுவுவது தான்தான், வானம் ஒரு பக்கமாகச் சரிகிறது, மூடிய கண்ணுக்குள் ஏது வானம், ஆனாலும் சரிந்தது. காலை ஊன்றிவிட்டாள்.

ஆறு என்று நஸ்ரின் குறித்துக்கொண்டாள். குறை சொல்கிற குரல் இல்லை. ஆனாலும் அது ஜெசிந்தாவுக்கு நூற்றுக்கு ஆறு என்பது போலத்தான் கேட்டது. நஸ்ரின் குனிந்து இரண்டு பக்க இடுப்பெலும்பிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எப்பவுமே இப்படித்தான் நிப்பீங்களாக்கா என்று கேட்டாள், இடுப்பை அடியில சுருட்டி உள்ள இழுத்து வெச்சிருக்கீங்களே, யாரும் சொல்லிக் குடுத்தாங்களா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயெடுத்தாள். அதற்குள் சிஸ்டர் பெர்னதெத்தின் மர ஸ்கேல் இடுப்புக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. காலை அசெம்பிளி. உயரவாரியாக வரிசை. நீலப் பாவாடையின் பெல்ட்டுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்ணையும் சிஸ்டர் விட்டதில்லை. ஸ்கேலின் தட்டையான பக்கத்தால் ஒரு தட்டு, வலிக்காது, ஆனால் அறுநூறு பேருக்கும் கேட்கும். உள்ளே இழு. கடைத்தெருவில் கூடை இறக்குகிறவளா நீ. எட்டு வருஷம். ஐந்தாம் வகுப்பில் இழுத்தது பிளஸ் டூ முடித்து, காலேஜ் முடித்து, கல்யாணத்தன்று கோயிலில் பிரிட்டோவின் பக்கத்தில் முழங்கால் போட்டு எழுந்தபோதும் உள்ளேயே இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அத்தைகூடக் கேலியாகச் சொன்னாள், ஸ்கேலை முழுங்கின மாதிரி நிக்கிறியேடி, போட்டோக்காரன் திட்டிட்டானா என்று. அத்தை குழந்தையைத் தூக்குவது வேறு மாதிரி. ஒரு பக்க இடுப்பை வெளியே ஒடித்து, அதன் மேல் ஜோவியை உட்கார்த்தி, ஒரு கையால் சுற்றி அணைத்துக்கொள்வாள். மறு கை தாளிக்கும், கதவைத் திறக்கும், போனை எடுக்கும். குழந்தை அங்கே ஏதோ தனக்கென்று செய்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். நீயும் இப்படி வெச்சுக்கயேன், முதுகு வலிக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஜெசிந்தாவுக்கு இடுப்பு ஒடியவில்லை. கூச்சமாக இருந்தது. தெருவில் யாராவது பார்த்தால் என்ன, பார்த்தால்தான் என்ன, ஆனால் இடுப்பு ஒடியவில்லை. பூசையில் காணிக்கை கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். கீழே தரை தெரியாது. படி தெரியாது.

ஸ்கூல்ல ஒரு சிஸ்டர், ஸ்கேலால தட்டுவாங்க என்று மட்டும் ஜெசிந்தா சொன்னாள். அடுத்த தடவைக்கு நஸ்ரின் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். இடுப்பெலும்பு ஒரு கிண்ணம், விளிம்பு வரைக்கும் தண்ணி, அதை முன்பக்கம் கொட்டுற மாதிரி சாய்ங்க, அப்படித்தான், பின்பக்கம் கொஞ்சம் தூக்கும், தூக்கட்டும், இங்க யாரும் பார்க்கலை. அத்தை பார்க்கிறாள் என்று நினைத்தாள் ஜெசிந்தா. கண்ணை மூடினாள். கோயில் வாசலில் தூணோடு சேர்ந்திருக்கும் தீர்த்தக் கிண்ணம் மனசில் வந்தது, அதன் அடியில் படிந்திருக்கும் பாசி, அதில் விரலை முக்கி நெற்றியில் வைக்கும்போது வருகிற சில்லிப்பு, ஒன்று, இரண்டு. அந்தக் கிண்ணத்தை யாராவது முன்னால் சாய்த்தால் தண்ணீர் செருப்பு வைக்கிற இடத்துக்கு ஓடும், அங்கிருந்து படியில் இறங்கும். படி. போகாதே என்று மனசுக்குச் சொன்னால் கேட்கிறதா. அது ஒரு சனிக்கிழமை காலை. மொட்டை மாடியில் இளவெயில். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுப்பள்ளத்தில் ஜோவியைக் கிடத்தி, தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குவைத்தில் நர்சாக இருப்பதால் பிள்ளைப்பேறு பார்க்க அத்தைதான் காரைக்காலிலிருந்து வந்தாள். மூன்று மாதம் என்று வந்தவள் ஜோவியின் சிரிப்பைப் பார்த்துவிட்டு எட்டு மாதம் தங்கிவிட்டாள். வெந்நீர் பொங்கிரும், நான் போய்ப் பார்க்கிறேன், நீ துண்டுல சுத்தி மெதுவா எடுத்துட்டு வா என்று முன்னால் இறங்கிப் போனாள். ஏழு, எட்டு. ஜெசிந்தா இறங்கினாள். முதுகு ஒரு பிடி பிடித்தது. பிடித்தால் அவள் என்ன செய்வாள் தெரியுமா, இழுத்துக்கொள்வாள், இடுப்பைச் சுருட்டி உள்ளே, முட்டியை இறுக்கி நேராக, அப்படி நின்றால் வலியை ஜெயித்துவிடலாம் என்று உடம்பு நம்புகிறது. கீழிருந்து நான்காவது படி. விழுந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. அதுதான் பயம். வழுக்கவில்லை, தடுக்கவில்லை, சேலை சிக்கவில்லை, நைட்டிதான் போட்டிருந்தாள். பின்னால் சாய்ந்தாள், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கை. வேண்டாம், அந்தக் கை வேண்டாம். கீழே காயப்போடாத துணி மூட்டை இருந்தது, ஜோவி அதன் மேல்தான் போய் விழுந்தாள், நெற்றி மட்டும் சுவரோரத்தில் பட்டது. பதினொன்று. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். பதிமூன்றில் காலை ஊன்றினாள்.

பதிமூணு, பரவாயில்லையே என்று நஸ்ரின் சிரித்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பேடில் செருகிய படிவத்தைப் புரட்டினாள். ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டியது, விட்டுப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடந்த ஆறு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களாக்கா? ஜெசிந்தா சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். ஒரு தடவை. எப்படி? ஜோவி வண்டிக்குள் தன் பெருவிரலைத் தேடிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அத்தையின் பக்கத்தில் பழைய நீலப் பை, வாயிலிருந்து குடையின் கைப்பிடி நீட்டிக்கொண்டு. இங்கே முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டு. நான்கு மணி வண்டி. பிரிட்டோ ஆபீசிலிருந்து வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். எதுக்கும்மா இப்ப என்று அவன் நேற்று ராத்திரி முழுக்கக் கேட்டுப் பார்த்தான். அத்தை ஒரே பதில்தான் வைத்திருந்தாள், கை நடுங்குதுப்பா, இனிமே என்னை நம்பிப் புள்ளையைக் குடுக்காதீங்க. நடுங்கவில்லை. ஜெசிந்தா பக்கத்தில் நின்று பார்த்தாள், கொஞ்சமும் நடுங்கவில்லை. படியில எண்ணெய் இருந்துச்சு, வழுக்கிடுச்சு என்று ஜெசிந்தா நஸ்ரினிடம் சொன்னாள். அதைச் சொல்வது இரண்டாவது தடவை. முதல் தடவைக்காவது ஒரு சாக்கு உண்டு. அப்போது குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, பிரிட்டோ ஷேவிங் நுரையோடு ஓடிவந்து எப்படி விழுந்தே, எப்படி விழுந்தே என்று கேட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தை. எண்ணெய். அவ்வளவுதான் சொன்னாள். அத்தை கையில் வெந்நீர்ச் சட்டியோடு நின்றிருந்தாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து உள்ளங்காலைப் பார்த்தாள். பார்த்து நடக்கக் கூடாதாம்மா என்று பிரிட்டோ கேட்டது அந்த ஒரு தடவைதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லவன். அன்று மத்தியானம் சோப்புத்தூளும் தேங்காய் நார் பிரஷுமாக அத்தை பதினான்கு படியையும் தேய்த்துக் கழுவினாள். சரக் சரக்கென்று அந்தச் சத்தம். மேல்படியில் நின்று ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். போக வேண்டிய கறை எதுவும் அங்கே இல்லை. அது அவளுக்குத் தெரியும், விழுந்த இடத்தில் உட்கார்ந்து அவள் கையால் தடவிப் பார்த்தாளே, சொரசொரவென்று காய்ந்த சிமெண்டு. இப்போது பெஞ்சிலிருந்து அத்தை நஸ்ரினைப் பார்த்துச் சொன்னாள், என் தப்புதாம்மா, நான்தான் எண்ணெய்க் காலோட இறங்கினேன். நஸ்ரின் எழுதிக்கொண்டாள். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது போல.

இப்ப பின்பக்கம் கொட்டுற மாதிரி என்றாள் நஸ்ரின். உங்களுக்குத்தான் அது ஈசியாச்சே, சிஸ்டர் சொல்லிக் குடுத்த மாதிரி நில்லுங்க. கண். மூடினாள். வலது கால். இது பழக்கப்பட்ட இடம், கிண்ணம் பின்னால் சாய்ந்து தண்ணீர் முதுகுத்தண்டுப் பக்கம் போய்விட்டது, முன்னால் காலி, ஒன்று. ஆட்டோவில் ஏறும்போது அத்தை ஒதுங்கி நின்றாள். ஜெசிந்தா முதுகைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வண்டியை மடக்கிக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை, ஏம்மா, அந்தம்மா கையில புள்ளையக் குடுத்துட்டு ஏறுனா என்ன குறைஞ்சா போயிரும் என்றார். அத்தை ரோட்டைப் பார்த்தாள். இரண்டு. அத்தையின் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. எதைத் தொட்டாலும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டுவிட்டாள். மூன்று. அப்போதுதான் வந்தது. அதே சாய்வு. காரணமில்லாமல், ஓசையில்லாமல், பின்பக்கமாக யாரோ மெல்ல இழுக்கிற மாதிரி. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் வலது கை போய்ச் சுவரோரக் கம்பியைப் பிடித்திருந்தது. கண்ணைத் திறந்தாள். கம்பியும் கையும். கைவிரல் நாலும் வெளுத்துப்போய் இறுக்கியிருந்தன. இந்தக் கைதான். ஜோவியின் கழுத்துக்கு அடியில் இருந்தது இந்தக் கைதான். நான்காவது படியில் அது கழுத்தை விட்டுவிட்டு மாடிப்படிக் கம்பிக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை. ஆனால் போனது. ஒரு வினாடிகூட இருக்காது, அந்த வினாடியில் உடம்பு யாரைக் காப்பாற்றுவது என்று கணக்குப் போட்டு, தன்னைத்தான் என்று முடிவு பண்ணிவிட்டது. குழந்தை நழுவுவதை இடது முழங்கை உணர்ந்தது, உணர்ந்துகொண்டே வலது கை கம்பியை விடவில்லை. இதைத்தான் எண்ணெய் என்று சொன்னாள். எண்ணெய்க்கு அடியில் இருந்தது இது. அம்மா என்றால் கையை விடுவாளா? குவைத்தில் இருக்கிற அம்மாவிடம் போனில் கேட்க முடியுமா, அம்மா, நீ எப்பவாவது என்னை விட்டிருக்கியா என்று.

நஸ்ரின் அவள் முழங்கையைப் பிடித்து நிற்க வைத்தாள். தானா போயிடும்க்கா கை, எல்லாருக்கும் அப்படித்தான், நம்ம இஷ்டம் கிடையாது, விழப் போறோம்னா கிடைச்சதைப் பிடிக்கும் என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தாள். அந்த வார்த்தை உள்ளே இறங்கி எங்கோ வலிக்கிற இடத்தில் பட்டது. ஜெசிந்தா அதை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளத் தகுதியில்லை என்று விட்டுவிட்டாள். கேட்டவளிடம் உண்மையைச் சொல்லாமல் வாங்கிக்கொண்ட மன்னிப்பு எப்படிச் செல்லும். போன சனிக்கிழமைதான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கான்வென்ட்டில் பழக்கியபடிதான்: பாவத்தின் பெயர், எத்தனை தடவை, அவ்வளவு போதும், கதை வேண்டாம். ஒன்பது வயதிலிருந்து அப்படியே ஒப்பித்து வருகிறவள். கோபப்பட்டேன் நான்கு தடவை, பூசைக்குப் போகவில்லை இரண்டு தடவை, பொய் சொன்னேன் ஒரு தடவை. ஒரு தடவை. முகம் தெரியாமல் மறைக்கிற அந்த மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார் ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு, பாவத்துக்குத் தவமாகச் சின்னதாக ஒரு செபம் சொல்லச் சொன்னார். அதை முழங்காலிலேயே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுப்படிக் குழாயில் அத்தை கை கழுவிக்கொண்டிருந்தாள். நஸ்ரின் இப்போது ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். மூணே மூணு செகண்ட், எல்லாருக்கும் இப்படி வராதுக்கா, ஆளுக்கு ஆள் மாறுது, ஆனா உங்களுக்கு இடுப்பைச் சுருட்டினா போச்சு. உங்களுக்கு எண்ணெயே தேவையில்லை, இப்படி நின்னாலே விழுந்துருவீங்க. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜெசிந்தா நிமிர்ந்தாள். இதோ, வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். இனி அத்தைக்கே புரிந்துவிடும், தான் வாயைத் திறக்க வேண்டாம், விஞ்ஞானம் சொல்லிவிட்டது, அளந்து பார்த்துக் காகிதத்தில் எழுதியும் வைத்தாயிற்று. மெல்ல அத்தையைப் பார்த்தாள். அத்தையும் நஸ்ரினைப் பார்த்துச் சிரித்தாள், குழந்தைக்குப் புரியாததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்கிற சிரிப்பு.

"இல்லம்மா, எண்ணெய் இருந்துச்சு. இவளுக்குப் பொய் சொல்லவே வராது. கான்வென்ட்ல படிச்ச புள்ள."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆக இருபது நிமிஷம். நான்கு மணிக்குப் பஸ். அதற்குப் பிறகும் வீட்டில் அதே படி இருக்கும், கீழே சுவர், மேலே மொட்டை மாடி, பிரிட்டோ காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி ஏழுக்குத்தான் வருவான், நடுவில் நானும் ஜோவியும். அந்தக் கையும். அத்தை போய்விட்டால் இந்தக் கைக்குச் சாட்சி கிடையாது, காவலும் கிடையாது. சொன்னால்? சொன்னால் பிரிட்டோ என்ன நினைப்பான், இவளிடம் தனியாகக் குழந்தையை விடலாமா என்று நினைப்பான், வாயால் சொல்லமாட்டான், சாயங்காலம் வந்ததும் குழந்தையின் தலையைத் தடவிப் பார்ப்பான், தினமும் தடவிப் பார்ப்பான். அத்தை காரைக்காலில் தன் மகளிடம் சொல்லுவாள், அந்த நாத்தனார் ஊருக்கே சொல்லுவாள். சொல்லட்டும். சொல்லாமல் இருந்தால் மட்டும் என்ன, அத்தை தன் மகள் வீட்டில் போய் உட்கார்ந்து அந்த வீட்டுப் பேரப்பிள்ளையையும் தொடமாட்டாள். பிள்ளைகளைத் தூக்கியே வளர்ந்த கை. பத்து வயதில் தம்பிகளை, அப்புறம் பெற்றதுகளை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, இப்போது ஜோவியை. அவ்வளவையும் ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டாயிற்று. பிடுங்கிக்கொண்டு மேல்படியில் நின்று பார்த்தாயிற்று. போகிற வழியில் ஆட்டோவில் சொல்லலாம். ஆட்டோ சத்தத்தில் கேட்காது. பஸ் ஸ்டாண்டில் சொல்லலாம், பிரிட்டோ இருப்பான். லெட்டர் எழுதலாம், சிஸ்டர் சொல்லிக்கொடுத்த சாய்வெழுத்தில், அன்புள்ள அத்தைக்கு. சீ. நஸ்ரின் கூப்பிட்டாள். கடைசி, இது மட்டும்தான். இந்த முறை முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், கிண்ணம் நேரா, ஒரு சொட்டுக்கூடக் கொட்டக் கூடாது. அவள் உள்ளங்கையை ஜெசிந்தாவின் அடிமுதுகில் வைத்து, இன்னும் கொஞ்சம் விடுங்க, இன்னும், இழுக்காதீங்க, அது உங்க இடுப்புதான், யாரும் அடிக்க மாட்டாங்க என்றாள். பதினாறு வருஷம் இழுத்துப் பிடித்திருந்தது ஒரு விரற்கடை இறங்கியது. அவ்வளவுதான் இறங்கியது. அதற்கே அழுகை வரும் போல இருந்தது. சிஸ்டர் ஒன்றும் கெட்டவர் இல்லை. காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொடுத்தவர். கண்ணை மூடினாள். இடது காலைத் தூக்கினாள்.

ஒன்று. கொலுசு தாழ்வாக, தரைக்குப் பக்கத்தில். இரண்டு. மூன்று. மெத்தை அமுங்குகிறது, கணுக்கால் பேசுகிறது, முட்டி இறுகவில்லை, நான்கு, சாய்வு வரும், இதோ வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஏழு. கண்ணுக்குள் படி. கீழிருந்து நான்காவது. வெயில் அதன் மேல் ஒரு பட்டையாக விழுந்து, காய்ந்து, ஒரு எறும்பு போகிறது. எறும்புகூட வழுக்காமல் போகிறது. ஒன்பது. பத்து. இப்போது யாரையும் பார்க்க முடியாது, யார் முகமும் தெரியாது, இது சல்லடை மாதிரிதான், ஆனால் அந்தப் பக்கம் இருப்பது சாமியார் இல்லை.

"படியில எண்ணெய் இல்ல அத்தை."

நஸ்ரினின் எண்ணிக்கை ஒரு எண்ணில் இடறியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள், பதிமூன்று. ஜெசிந்தா நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்து, ஒற்றைக் காலில் நின்றபடியே, மூடிய கண்ணோடு, ஒப்பிக்கிற குரலில் இல்லாமல் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். காய்ஞ்சுதான் இருந்துச்சு. நான் தொட்டுப் பார்த்தேன். நானாத்தான் விழுந்தேன். பாப்பாவைப் பிடிச்சிருந்த கையை எடுத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் எண்ணெய்னு சொன்னேன். பதினேழு என்றது நஸ்ரினின் குரல், கிசுகிசுப்பாக. பெஞ்சு ஒரு தடவை முனகியது. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம், பக்கத்து அறையில் யாருக்கோ கழுத்துக்கு இழுவை போடுகிற கயிற்றின் சத்தம். ஜோவிகூட உதைப்பதை நிறுத்திவிட்டாள்.

"பதினாலு படியையும் தேச்சுக் கழுவினேன்," என்றாள் அத்தை.

"ஆமாத்தை."

"நீ மேல நின்னு பார்த்துக்கிட்டிருந்தே."

"ஆமாத்தை."

இருபத்தொன்று. ஜெசிந்தா காத்திருந்தாள், அடியோ வசவோ எதுவாக இருந்தாலும், கண்ணைத் திறக்காமல். செருப்பு தரையில் தேய்கிற சத்தம். வண்டியின் பெல்ட்டை அவிழ்க்கிற அந்தச் சின்ன டிக். அப்புறம் கொலுசு. தரைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சத்தம் மெல்ல மேலே வந்தது, முட்டி உயரம், அதற்கும் மேலே, வந்து ஓர் இடத்தில் நிலைத்தது. எந்த இடம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். இருபத்தைந்து. அந்த உயரத்திலேயே கொலுசு நகர்ந்தது, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாக ஒடிந்து ஒடிந்து, ஜல், ஜல், அவளைத் தாண்டி, அவள் தோளில் முந்தானை உரசியும் நிற்காமல், கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய், வராந்தாவின் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஜோவி எதற்கோ சிரித்தாள். அத்தை அவளிடம் ஏதோ சொன்னாள். ஜெசிந்தாவைப் பற்றியும் இருக்கலாம், ஜன்னலில் தெரிகிற காக்காயைப் பற்றியும் இருக்கலாம். முப்பது என்று நஸ்ரின் சொன்னாள். முப்பதும் நின்னுட்டீங்கக்கா, கண்ணைத் திறக்கலாம். ஜெசிந்தா திறந்தாள். காலி வண்டி. பெஞ்சின் மேல் நீலப் பையும் குடையும் அப்படியே இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு, தூக்கிய காலை இன்னும் இறக்காமல், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து கொலுசு திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.